பாசி இருந்தபோது மீன்கள் உயிரோடுதான் இருந்தன

சனிக்கிழமை மாலை எங்கள் வீட்டு வாசிப்பு வட்டத்துக்கு வரும் தம்பி தங்கைகள், புத்தக அலமாரிக்குப் போவதற்கு முன்னால் அதன் பக்கத்தில் இருக்கும் மீன் தொட்டி முன்தான் நிற்பார்கள். போன வாரம் ஒரு தம்பி கேட்டார்: "எப்படித் தோழர் இவ்ளோ பச்சையா வச்சிருக்கீங்க? எங்க ரூம்ல வச்ச தொட்டி ரெண்டே மாசத்துல பாசி புடிச்சிடுச்சு. கழுவி மொட்டமாடில கவுத்து வச்சிட்டோம்."

பதில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். இந்தத் தொட்டியில் என் கையால் 11 மீன்கள் செத்திருக்கின்றன. அதை விட்டுவிட்டு "இப்படிச் செய்யுங்கள், அப்படிச் செய்யுங்கள்" என்று சொன்னால் அது பாதிப் பொய். அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

சின்னவன் என் அக்கா மகன். அவன் அப்பா இறந்த ஆறாவது மாதம், பத்தாம் வகுப்பு படிக்கச் சென்னைக்கு என்னிடம் வந்தான். கேட்டதற்குப் பதில் சொல்வான். தானாக ஒரு வார்த்தை பேசமாட்டான். சாப்பிட்டாயா என்றால் "ம்". பள்ளிக்கூடம் எப்படி என்றால் "ம்". ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளத்தூரில் ஒரு வேலை இருந்தது, அவனையும் கூட்டிப்போனேன். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம் அது. தெரு நெடுக மீன் கடைகள். சிமெண்ட் தொட்டி கட்டி மீன் வளர்த்து விற்பவர்களும் உண்டு. ஒரு கடை முன்னால் நின்றவன் அரை மணி நேரம் நகரவில்லை. "மாமா, இந்தச் செடியெல்லாம் தண்ணிக்குள்ளயே எப்படி உயிரோட இருக்கு?" என்றான். என்னிடம் வந்து ஐந்து வாரத்தில் அவனாகக் கேட்ட முதல் கேள்வி. தொட்டி வாங்காமல் வீடு திரும்ப எனக்கு மனம் வரவில்லை.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். சரளை போக 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். பின்னால் நீளநீளமாக வாலிஸ்னேரியா, கல்லில் கட்டிய அனுபியாஸ், மூலையில் ஜாவா ஃபெர்ன், முன்னால் நீர்ப்பிரம்மி. 8 கப்பி, 6 ஜீப்ரா மீன். பொங்கலுக்கு வந்த எங்கள் அம்மா தொட்டியை உற்றுப் பார்த்துவிட்டு, "இது நம்ம வரப்போரம் கெடக்குற நீர்ப்பிரம்மிதானேடா? இதையா காசு குடுத்து வாங்குன?" என்று சிரித்தார். சின்னவனும் சிரித்தான். தன் ஆயாவிடம் ஒவ்வொரு மீனுக்கும் தான் வைத்திருந்த பெயரைச் சொன்னான். அன்றைக்குத்தான் எனக்கே தெரியும், மீன்களுக்குப் பெயர் இருப்பது.

பிப்ரவரியில் பாசி வந்தது. முதலில் கண்ணாடியில் பச்சைப் பொடி அப்பியதுபோல ஒரு படலம். துடைத்தால் நான்கு நாளில் திரும்ப வரும். அடுத்து நூல் பாசி, நீர்ப்பிரம்மியின் தண்டுகளை முடி சுற்றியதுபோலப் பின்னிக்கொண்டது. மார்ச்சில் அனுபியாஸ் இலை ஓரங்களில் கறுப்புக் குச்சம் கட்டியது. இதைக் கறுப்புத் தாடிப் பாசி என்பார்கள். விரலால் இழுத்தால் இலை கிழியுமே தவிரப் பாசி வராது. கடையில் விற்கும் பாசி மருந்தை ஊற்றினேன். இரண்டு வாரம் அடங்கியது, பிறகு முன்னைவிட அடர்த்தியாக வந்தது.

எனக்கு அது அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வருபவர்கள் எல்லாம் "என்ன தோழர், தொட்டி இப்படி அழுக்கா இருக்கு?" என்றார்கள். ஏப்ரலில் சின்னவனுக்குப் பரீட்சை முடிந்த கையோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மீன்களை வாளியில் விட்டேன். தண்ணீர் முழுவதையும் கொட்டினேன். சரளையை அரித்து அரித்து, குழாய்த் தண்ணீர் தெளியும்வரை அலசி, மொட்டைமாடியில் வெயிலில் காயப்போட்டேன். ஃபில்டருக்குள் இருந்த ஸ்பாஞ்சைப் பிழிந்தபோது சேறு மாதிரிப் பழுப்பாகக் கொட்டியது. அதைக் கொதிநீரில் போட்டு, பிளீச்சிங் பவுடர் தூவி, புதுசுபோல ஆக்கினேன். சாயங்காலம் குழாய்த் தண்ணீரை நிரப்பி மீன்களை விட்டபோது தொட்டி கடையில் இருப்பதுபோல மின்னியது. ஃபோட்டோ எடுத்து நான்கு பேருக்கு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான்காம் நாள் காலையில் 3. ஐந்தாம் நாள் 5. வாரம் முடிவதற்குள் 11. நான் அப்போது ஒரு வேலையாக வெளியூரில் இருந்தேன். சின்னவன் ஃபோனில் எண்ணிக்கையை மட்டும் சொல்வான். திரும்பி வந்து பார்த்தால் பால்கனியில் இருந்த துளசித் தொட்டியில் மண் புதிதாகக் கிளறியிருந்தது. பதினொன்றையும் அவன் ஒருவனாகப் புதைத்திருக்கிறான்.

"எதனால மாமா செத்துச்சு?"

"பாசிடா. பாசியில இருந்த கெடுதல் ஏதோ மிச்சம் இருந்திருக்கும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "பாசி இருந்தப்ப எல்லாம் உயிரோடதான மாமா இருந்துச்சு?"

நாற்பது வயது ஆள் நான். கூட்டங்களில் "அறிகுறியைப் பார்க்காதீர்கள், காரணத்தைப் பாருங்கள்" என்று உங்களுக்கெல்லாம் சொல்கிற ஆள். பதினைந்து வயதுப் பையன் கேட்ட அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் இருவரும் கொளத்தூர் போனோம். சிமெண்ட் தொட்டிகளில் கப்பி வளர்க்கும் ஒரு பெரியவரிடம் நடந்ததைச் சொன்னேன். ஸ்பாஞ்சைக் கொதிநீரில் போட்டேன் என்றதும் தலையில் கைவைத்துக்கொண்டார். "அழுக்குன்னு நெனச்சு அதத்தான தம்பி கொன்னுட்ட. மீன காப்பாத்துறதே அந்த அழுக்குதான்" என்றார்.

அந்த அழுக்கு என்ன என்பதை இங்கே விளக்கிவிடுகிறேன். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் தண்ணீரில் ஓயாமல் அம்மோனியா சேர்கிறது. அது மீனுக்கு நஞ்சு. சூடு கூடக்கூட, தண்ணீரின் காரத்தன்மை கூடக்கூட அதன் நச்சுத்தன்மையும் கூடும். ஆகவே சென்னையின் ஏப்ரல் மாதம் அதற்குத் தோதான காலம். அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். நைட்ரைட்டை இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றுகிறது. இது அவ்வளவு கெடுதல் செய்யாது. செடிகள் உரமாக எடுத்துக்கொள்ளும், மீதியை வாராவாரம் தண்ணீர் மாற்றி வெளியேற்றலாம். இந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிர்களை 1890 வாக்கில் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற அறிவியலாளர் பிரித்தெடுத்துக் காட்டினார். அவை தண்ணீரில் மிதந்து திரிவதைவிடச் சரளையிலும் ஸ்பாஞ்சிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டே அதிகம் வாழ்கின்றன. மெதுவாகத்தான் பெருகும். ஒரு தொட்டியில் அவை நிலைபெற 4 முதல் 6 வாரம்வரை ஆகும்.

நான் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சரளையை வெயிலிலும் ஸ்பாஞ்சைக் கொதிநீரிலும் போட்டு, மிச்சம் இருந்ததைக் குழாய்த் தண்ணீரின் குளோரினிலும் கொன்றுவிட்டேன். பிறகு 14 மீன்களை அந்த மின்னும் தண்ணீரில் விட்டேன். அவை தங்கள் கழிவாலேயே மூச்சுத் திணறிச் செத்தன.

தோழர்களே, சுத்தம், தீட்டு என்ற சொற்கள் நம்மை என்ன செய்தன என்று மேடையேறிப் பேசுகிறவன் நான். பழுப்பாக, கொழகொழவென்று இருந்ததைப் பார்த்ததும் எந்தக் கேள்வியும் இல்லாமல் "இது அசிங்கம், இதை ஒழி" என்று என் கை போனது. வேலை செய்துகொண்டிருந்தது யார் என்று ஒரு நிமிடம் கேட்டிருக்கலாம். மீன் தொட்டியைச் சமூகத்தோடு ஒப்பிட நான் வரவில்லை. மீன் தொட்டி மீன் தொட்டிதான். ஆனால் என் கை எப்படிப் பழகியிருக்கிறது என்று எனக்கு அன்று தெரிந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சின்னவனிடம் சொன்னேன்: "பாசி கொல்லலடா. நான்தான் கொன்னேன்."

"தெரியும் மாமா" என்றான். பிறகு, "மீதி 3 இருக்கு" என்றான்.

இரண்டு பெண் கப்பி, ஒரு ஜீப்ரா. பெரியவர் தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றை ஈரத்தோடு கவரில் போட்டுக் கொடுத்திருந்தார். காசு வாங்கவில்லை. 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவில் அந்த ஸ்பாஞ்சை ஓடவிட்டு, மூன்றையும் அதில் விட்டோம். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினோம். மூன்றும் தப்பித்துவிட்டன. பெரிய தொட்டியை அவசரப்படாமல் திரும்ப ஆரம்பிக்க நேரம் கிடைத்தது.

ஆனால் ஆரம்பிப்பதற்கு முன், பாசி ஏன் வந்தது என்று தெரியவேண்டுமே. அதற்கும் நாங்கள் பதில் தேடினோம்.

1973இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் டேவிட் ஷிண்ட்லர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு ஏரியை நடுவில் திரை போட்டு இரண்டாகத் தடுத்தார்கள். அதன் பெயர் 226ஆம் எண் ஏரி. இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் கலந்தார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கூடுதலாகப் பாஸ்பரஸ் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பக்கம் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. மறுபக்கம் தெளிவாகவே இருந்தது. ஒரே வெயில், ஒரே காற்று, ஒரே ஏரி. மேலே இருந்து எடுத்த அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. சின்னவன் அதை ஃபோனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். "அப்ப நம்ம தொட்டில எது மாமா கூடிப்போச்சு?" என்றான்.

ஒரு நோட்டை எடுத்து எழுதினோம். பாசி மிச்சத்தில் வாழ்வது. செடி பயன்படுத்த முடியாத அளவுக்கு வெளிச்சமும் சத்தும் மிஞ்சினால் அந்த மிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும். செடி நன்றாக வளர்ந்தால் பாசிக்கு இடம் குறைவு. எங்கள் தொட்டியில் மிஞ்சியது என்ன? ஜனவரியில் நான் பளிச்சென்று இருக்கட்டும் என்று பழைய விளக்கை மாற்றி இரண்டு மடங்கு வெளிச்சம் தரும் எல்.இ.டி. விளக்கு வாங்கிப் போட்டேன். மேற்கு ஜன்னல் வெயில் மாலையில் நேராகத் தொட்டிமேல் விழுந்தது. தீனி? காலையில் நான் போடுவேன். நான் போட்டது தெரியாமல் அவனும் போடுவான். தண்ணீர் மாற்றுவது? நான் ஊரில் இருந்தால் உண்டு. மாதத்தில் பாதி நாள் நான் ஊரில் இல்லை.

"லைட்டு எத்தன மணி நேரம் எரிஞ்சுது?" என்று கேட்டேன். அவன் முகம் மாறியது. நான் ஹாலில் தூங்கும்போது ட்யூப் லைட் போட்டால் எழுந்துவிடுவேன் என்று, பரீட்சை சமயம் முழுவதும் அவன் தொட்டி வெளிச்சத்தில்தான் படித்திருக்கிறான். இரவு 1 மணிவரை. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 16, 17 மணி நேரம்.

"அப்ப நான்தானா மாமா?"

இந்த இடத்தில் ஒரு பெரியவர் செய்யக்கூடிய சின்னத்தனம் ஒன்று இருக்கிறது. "ஆமாம், நீயும்தான்" என்று என் சுமையில் பாதியை அவன் தலையில் வைத்திருக்கலாம். நோட்டை அவன் பக்கம் திருப்பினேன். விளக்கு வாங்கியது யார், ஜன்னலோரம் தொட்டியை வைத்தது யார், படிக்க ஒரு மேசை விளக்கு வாங்கித் தராதது யார் என்று ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். மறுநாள் மேசை விளக்கு ஒன்று வாங்கி வந்தேன். தொட்டிக்கு வாங்கிய எதையும்விட அது முக்கியம்.

இனி, மறுதொடக்கம். உங்களில் தொட்டியைக் கவிழ்த்து வைத்திருப்பவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் இடத்தை மாற்றினோம். ஜன்னல் வெயில் படாத சுவரோரம். விளக்குக்கு டைமர் பிளக். எலக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும். முதல் மாதம் 6 மணி நேரம் மட்டும். பிறகு மெல்ல 7, 8. மனிதனை நம்பாதீர்கள், டைமரை நம்புங்கள்.

செடிகளில் தாடிப் பாசி பிடித்த அனுபியாஸ் இலைகளை அடியோடு வெட்டினோம். பாசி லேசாக இருந்த இலைகளைத் தண்ணீருக்கு வெளியே எடுத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிரிஞ்சால் தடவி, சில நிமிடம் விட்டு நன்றாக அலசினோம். இரண்டு நாளில் கறுப்புப் பாசி சிவந்துபோனது. பெயர்தான் கறுப்பு, உண்மையில் அது சிவப்புப் பாசி இனம், சாகும்போது நிறம் காட்டிக்கொடுத்துவிடும். மென்மையான செடிகளை இது கருக்கிவிடும் என்பதால் வாலிஸ்னேரியாவில் தடவவில்லை. பாசி சுற்றிய இலைகளைக் கிள்ளிப்போட்டு வேரை மட்டும் நட்டோம். அனுபியாஸின் கிழங்குத் தண்டைச் சரளைக்குள் புதைக்காதீர்கள், அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள்.

அடுத்து, வேகமாக வளரும் செடிகளை முதல் நாளே நெருக்கமாக நட்டோம். ஹார்ன்வார்ட், ஹைக்ரோஃபிலா, வெட்டி வெட்டி நட்ட நீர்ப்பிரம்மி. அழகுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வேகமாக வளரும் செடி அம்மோனியாவையே நேராக உறிஞ்சிக்கொள்ளும். பாசிக்குப் போகவேண்டிய சோறு செடிக்குப் போகும். வெட்டி எறியும் செடிகளைத் தயவுசெய்து ஏரியிலோ கால்வாயிலோ போடாதீர்கள். காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

தண்ணீர்: குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்து கலந்து ஊற்றினோம். ஸ்பாஞ்சை எப்போது பிழிந்தாலும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் பிழியவேண்டும், அதுவும் லேசாக. பெரியவர் கொடுத்த ஸ்பாஞ்சை டப்பாவில் ஓடவிட்டபடியே, அதில் கொஞ்சம் பிழிந்த கலங்கலைப் புது ஃபில்டரில் ஊற்றினோம். அன்றைக்குத் தொட்டி சாணி கரைத்ததுபோல இருந்தது. எனக்குக் கை பரபரத்தது. சின்னவன் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மீன் விடவில்லை. தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும், பாக்டீரியாவுக்காக. சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டில் இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதினான். அம்மோனியா ஏறியது, இறங்கியது. நைட்ரைட் ஏறியது.

மூன்றாவது வாரம் கண்ணாடி, இலை, சரளை எல்லாவற்றிலும் பழுப்பாக ஒரு படிவு. மறுபடியுமா என்று எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. பிரஷ்ஷை எடுத்துவிட்டேன். "மாமா, வேணாம். இது டயாட்டம். புதுத் தொட்டில வரும், தானா போயிடும்னு போட்டிருக்கு" என்றான். படித்து வைத்திருக்கிறான். சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் நுண்பாசி அது. முன் கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு விட்டோம். எங்கிருந்தோ செடியோடு வந்த நான்கு நத்தைகள் இலைகளை மேய்ந்துகொண்டிருந்தன. இருபது நாளில் பழுப்பு போய்விட்டது. உண்மையில் மறுதொடக்கத்தில் தோற்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். பழுப்பைப் பார்த்ததும் பழைய பயம் வந்து, மறுபடி எல்லாவற்றையும் கழுவிவிடுகிறார்கள்.

38ஆம் நாள் அம்மோனியா 0, நைட்ரைட் 0. அடுத்த 3 நாளும் அப்படியே. 42ஆம் நாள் மூன்று மீன்களையும் பெரியவரின் ஸ்பாஞ்சோடு சேர்த்து விட்டோம். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் சின்னவன் என்னை உலுக்கி எழுப்பினான். ஹார்ன்வார்ட்டுக்குள் கண் மட்டும் தெரிகிற மாதிரி 9 கப்பிக் குஞ்சுகள். ஆண் கப்பி ஒன்றுகூட மிஞ்சவில்லையே என்று பார்த்தால், பெண் கப்பி விந்தைச் சேமித்து வைத்து மாதக்கணக்கில் குட்டி போடும் என்று அவனே எனக்குப் பாடம் எடுத்தான். செத்துப்போன ஆண் மீன்களின் பிள்ளைகள். அவனுக்கு அது என்னவாக இருந்தது என்று நான் கேட்கவில்லை. அன்று முழுவதும் பேசிக்கொண்டே இருந்தான்.

இப்போது பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுத்திருக்கிறான். தொட்டியின் பொறுப்பு அவனுடையது. ஞாயிற்றுக்கிழமை நான்கில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம், நாளுக்கு ஒருமுறை தீனி, போட்டவர் நோட்டில் டிக் அடிக்கவேண்டும். நான் ஊரில் இல்லாவிட்டாலும் நடக்கிறது.

பாசி முழுவதுமாகப் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. பின்பக்கக் கண்ணாடியில் மெல்லிய பச்சை உண்டு. குஞ்சுகள் அதைக் கொத்திக்கொண்டிருக்கும். விளக்குக்கு நேர் கீழே இருக்கும் ஓர் அனுபியாஸ் இலையின் ஓரத்தில் கறுப்புத் தாடி கொஞ்சம் இருக்கிறது. போன மாதம் அதை வெட்டக் கத்தரியை எடுத்தேன்.

"அத விட்டுடு மாமா. லைட்டு கூடிப்போச்சுன்னா அதுதான் மொதல்ல வளரும். நமக்குத் தெரியணும்ல."

கத்தரியைத் திரும்ப வைத்துவிட்டேன்.